மாமி சுற்றிக் கட்டிய கார் சீட்

1. கேட்டில் தருவார்களாம்

"அக்கா, பிள்ளையின்ர சீட்டை இங்க தருவினம் எண்டு சொன்னவை. எங்க எடுக்கிறது?"

கொழும்பு விமானத்துக்கு போர்டிங் தொடங்கப்போகிற நேரம். கேட் கவுண்டரில் நான் நின்றேன். கேட்டவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பிரதீபன். ஒன்றரை வயது மகள் அவருடைய வலது தோளில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த சீட் தம்பி?"

"கார் சீட் அக்கா. பிளேனுக்குள்ள இவவை அதிலதான் இருத்தோணும். இவவுக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்கிறன். நான் நாப்பி மாத்தப் போன நேரம் மாமி அதைக் கவுண்டரில குடுத்துப்போட்டா. கேட்டில திருப்பித் தருவினமாம்."

எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பிள்ளையை வைத்துத் தள்ளும் பக்கி என்றால் கேட் வரை தள்ளிக்கொண்டு வரலாம், அங்கே வாங்கி வைப்போம். கவுண்டரில் டாக் போட்டுக் கொடுத்த கார் சீட் நேரே விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். கொழும்பில்தான் வெளியே வரும்.

2. மாமியின் கைவண்ணம்

இளையவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் ஒருவர் ஊருக்குப் போனால் ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வழியனுப்ப வருவார்கள். நகரத்தின் ஒரு மூலை ஹரோவிலிருந்து அண்ணை, மறு மூலை சட்டனிலிருந்து மாமி, ஆளுக்கொரு பார்சல். செக்-இன் வரிசைக்குப் பக்கத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்து, தராசில் ஏற்றி இறக்கி, ஒரு பெட்டியின் சாமானை இன்னொன்றுக்கு மாற்றி, நடுவில் யாராவது பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அந்த இடமே கலியாண வீடு மாதிரி இருக்கும். மானேஜர்மார் பல்லைக் கடிப்பார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். இப்போது எல்லாரும் ஃபோனிலேயே செக்-இன் செய்துகொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தனியாக வந்து தனியாகப் போகிறார்கள். அந்த இரைச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

குழந்தையின் கார் சீட் எடைக் கணக்கில் சேராது. இது எங்கள் சனத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? சீட்டின் குழிக்குள் சாக்லேட், பால்மா, சென்ட் போத்தல், புதுச் சப்பாத்து எல்லாம் அடைத்து, மேலே கறுப்புக் குப்பைப் பையைப் போட்டு, பிரவுன் டேப்பால் வரிந்து கட்டி, "பிள்ளையின்ர சாமான்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். பிரதீபனுடைய மனைவியின் பெரியம்மாவான அந்த மாமியும் அதைத்தான் செய்திருக்கிறார். மருமகன் பிள்ளையோடு கழிவறைக்குப் போனதும் சீட்டைக் கட்டிக்கொண்டு போய்க் கவுண்டரில் நீட்டியிருக்கிறார். அங்கே இருந்தவரும் வயதான அம்மா என்று இரங்கி டாக் ஒட்டி, பெரிய சாமான்கள் போகும் வழியில் அனுப்பிவிட்டார்.

3. ரகுவின் யோசனை

அன்றைய டியூட்டி மானேஜர் ரகு, திருச்சிக்காரர். நல்ல மனிதர், ஆனால் விமானம் பிந்தினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"இதுக்கு எதுக்குக்கா இவ்வளவு டென்ஷன்? ரெண்டு வயசு ஆகல இல்ல? லேப் சைல்டா மாத்திடுங்க. அப்பா மடியில வச்சுக்கட்டும். குட்டி பெல்ட் ஒண்ணு குடுப்பாங்க. பக்கத்து சீட்டும் சும்மாதான் இருக்கப் போவுது. ராஜா மாதிரி போகலாம்."

பிரதீபன் தலையை ஆட்டினார். "இல்லை அண்ணை. சீட் இல்லாம நாங்கள் ஏறமாட்டம்."

"அட என்னங்க நீங்க! நம்ம ஊர்ல யாரு கார் சீட்ல வளந்தோம்?"

"ஏறமாட்டன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ரகு என்னைப் பார்த்தார். உங்கட ஆள், நீங்களே பேசுங்கள் என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். இலங்கைத் தமிழர் யாராவது முரண்டு பிடித்தால் எப்போதும் என் தலையில்தான் வந்து விழும்.

4. இடது கை

நான் அவரை ஓரத்து நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் கவனித்தேன். பிள்ளையை வலது கைதான் தாங்கிக்கொண்டிருந்தது. இடது கை சும்மா அவளுடைய முதுகில் படிந்திருந்தது.

"என்ன தம்பி, சொல்லுங்கோ. சொன்னாத்தானே ஏதும் செய்யலாம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமி செக்யூரிட்டிக்கு அந்தப் பக்கம், எங்கேயோ வான் வண்டிக்குள் இருந்திருப்பார். இருந்தும் குரலைத் தணித்தார்.

"ஊரில நடந்த கடைசிச் சண்டையில செல் வெடிச்சு ஒரு துண்டு இந்தக் கையில பட்டது அக்கா. பார்த்தா ஒண்டும் தெரியாது. எல்லா வேலையும் செய்வன். ஆனா ஒரு பாரத்தை இறுக்கிப் பிடிச்சா, கொஞ்ச நேரத்தில விறைச்சுப்போகும். பிடி விட்டது எனக்கே தெரியாது. ஒருநாள் குளிக்க வார்க்கேக்க இவ வழுக்கிட்டா. நல்ல காலம், மனுசி பக்கத்தில நிண்டவ."

"வீட்டில தெரியாதோ?"

"மனுசிக்கு மட்டும் தெரியும். அவையின்ர ஆக்களுக்குச் சொல்லேல்லை. கை ஏலாதவனுக்குப் பொம்பிளை குடுத்தம் எண்டு நினைப்பினம். மனுசி தன்ர தகப்பனுக்கு ஒப்பரேஷன் எண்டு யாழ்ப்பாணம் போய் இரண்டு மாசமாகுது. பிள்ளை ஒவ்வொரு நாளும் அம்மா அம்மா எண்டு கதவைப் பார்க்குது. கொண்டுவாறன் எண்டனான். சீட் இல்லாம ஏறமாட்டன் எண்டு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஓம் எண்டவ."

விமானம் மேலே ஏறும்போது ஒரு குலுக்கல், காற்றில் ஒரு திடீர் இறக்கம், அந்த நேரம் இந்தக் கை விட்டுவிட்டால்? எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அந்தப் பயத்தைவிட, அவர் அந்தக் கையை மறைத்து வைக்க இத்தனை வருடம் பட்ட பாடுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ரகுவிடம் போய்க் கையைப் பற்றிச் சொல்லவில்லை. அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அவருக்கு விளங்கக்கூடிய பாஷையில் பேசினேன்.

"ரகு, அவர் ஏறமாட்டார். ஏறாட்டி அவற்ற பெட்டியளை என்ன செய்யிறது?"

"இறக்கணும்." சொன்னதும் அவருடைய முகம் மாறியது. ஆள் ஏறாமல் அவருடைய பெட்டி மட்டும் பறக்க முடியாது. எல்லாப் பெட்டிகளுக்கும் நடுவில் அவருடையதைத் தேடி இறக்க வேண்டும்.

"அதுகள் அடியில போயிருக்கும். இந்த சீட் பெரிய சாமானோட கடைசியிலதான் ஏத்துவாங்கள். இப்ப எங்க கிடக்குதோ தெரியாது, ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. எது லேசு?"

ரகு என்னை முறைத்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார். "நீங்க மானேஜர் ஆகியிருக்கணும்க்கா" என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

5. பாதி ஸ்டிக்கர்

சீட் கீழே வண்டியில், ஏற்றுவதற்காகக் காத்துக் கிடந்தது. கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே கொண்டுபோவதென்றால் மறுபடி எக்ஸ்ரேயில் விட வேண்டும், அதற்கு முதலில் பிரிக்க வேண்டும். மாமியின் கட்டு என்றால் கட்டு. கத்திரிக்கோல் மழுங்கிப்போகும் அளவுக்கு டேப். பிய்த்துப் பிய்த்துக் கைநகம் போனது. உள்ளே இருந்த சாமான்களைப் போட என்னிடம் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்றுதான் இருந்தது. அதில் எல்லாவற்றையும் போட்டு, டாக் ஒட்டிக் கீழே அனுப்பினேன்.

எக்ஸ்ரே முடிந்து விமானத்தின் வாசலுக்குப் போனால் அங்கே அடுத்த சோதனை. கேபின் சூப்பர்வைசர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. விதி என்றால் விதி. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விமானத்துக்கு ஏற்றது என்று லேபிள் இருக்க வேண்டுமே? பாதிதான் இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில்.

உண்மைதான். பக்கவாட்டில் ஸ்டிக்கரின் ஒரு பாதி மட்டும் கிழிந்து நின்றது. கார் சம்பந்தப்பட்ட எழுத்து இருந்தது, விமானம் பற்றிய வரியைக் காணவில்லை. பிரதீபன் பிள்ளையைத் தோளில் இன்னும் ஏற்றிக்கொண்டார். திரும்பிப் போகத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது.

நான் கேட்டுக்கு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியதை என் மகன் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு, உருண்டையாகச் சுருட்டி எறிந்த டேப்பை எடுத்துப் பிரித்தேன். ஒரு துண்டின் ஒட்டுப் பக்கத்தில் மீதிப் பாதி ஸ்டிக்கர் அப்படியே அப்பிக்கொண்டிருந்தது. கொண்டுபோய் சீட்டில் வைத்துக் காட்டினேன். கிழிந்த ஓரம் கிழிந்த ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது. அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு முதன்முறையாகச் சிரித்து, வழி விட்டார்.

ஜன்னல் சீட்டில்தான் கார் சீட் வைக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து போகும் வழியை மறிக்கக் கூடாது. அவர் வலது கையால் பெல்ட்டைக் கோர்த்தார், நான் முழங்காலால் சீட்டை அழுத்தி இழுத்து இறுக்கினேன். பிள்ளை கண்ணைத் திறந்து, தன் சீட்டைக் கண்டதும் வீட்டுக்கு வந்த மாதிரித் திரும்பவும் தூங்கிவிட்டாள். விமானம் கொஞ்சம் பிந்தித்தான் போனது. ரகுவுக்குக் காய்ச்சல் வந்தது.

6. ஹவுன்ஸ்லோ கடையில்

பிறகு ஒருநாள் ஹவுன்ஸ்லோவில் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா. கதையோடு கதையாக, எயர்போர்ட்டில் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

"உங்கட ஆக்கள் செய்த வேலை தெரியுமோ? நான் கட்டி அனுப்பின சாமானைப் பிரிச்சு, வெளியால தெரியிற பையில போட்டு அனுப்பிப்போட்டாளவை. ஆருக்கு என்ன எண்டு சொந்தக்காரர் எல்லாரும் பார்த்திட்டினம். இப்ப ரெண்டு பேர் என்னோட கதைக்கிறேல்லை!"

அந்த ஆள் நான்தான் என்று சொல்லவில்லை. எனக்கும் வீட்டுக்கு முழுசாகப் போக வேண்டும்.

"எல்லாம் எங்கட மருமகனால வந்த வினை. பெத்த பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு போகேலாதோ? அப்பிடி என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கு?"

எனக்குக் கோபம் நாக்கு நுனி வரை வந்தது. பிரதீபனின் முகம் நினைவுக்கு வந்ததால் விழுங்கிக்கொண்டேன். அந்த சூப்பர்வைசர் திரும்பி வந்தபோது என்னிடம் சொன்ன ஒன்றை மட்டும் சொன்னேன்.

"அக்கா, அவர் சாப்பாட்டுக்குக் கூடக் கையை எடுக்கேல்லையாம். கொழும்பு போய்ச் சேருமட்டும் வலக்கையால பிள்ளையின்ர காலைப் பிடிச்சுக்கொண்டே இருந்தவராம்."

மாமி கையில் இருந்த வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்வளவு நேரமுமோ?" என்றார்.

"அவ்வளவு நேரமும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது கேட்டில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். லேபிளைப் பாருங்கள், ஜன்னல் பக்கம் வையுங்கள் என்பதெல்லாம் டிரெய்னிங்கில் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற தகப்பனிடம், மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். அப்படிக் கொண்டுபோக உங்களைவிட அவருக்குத்தான் ஆசை இருந்திருக்கும்.