ரூபி அக்காவின் கதவு

இது இரவில் நடந்ததல்ல. பட்டப்பகலில், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில், என் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பேய் உண்டா என்று பிள்ளைகள் கேட்டால் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவேன். இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

காரை விற்றதும் ஷெட் காலியானது. மரவேலை பழக எனக்கு வெகுநாள் ஆசை. அதற்கு முதலில் நல்ல தச்சு மேசை வேண்டும். கனமான பலகை, தடித்த கால்கள், மரத்தைக் கவ்விப் பிடிக்க முன்ஓரத்தில் ஒரு வைஸ். இழைப்புளியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மேசை அசையக் கூடாது. அவ்வளவு கனமான தேக்குக்கு எங்கே போவது என்று எங்கள் திருச்சபையில் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே ஜெபராஜ் அண்ணன் குட்டியானை வண்டியில் ஒரு பழைய கதவை ஏற்றி அனுப்பிவிட்டார். முடிச்சூரில் இருந்த அவருடைய வீட்டை அடுக்குமாடிக்காக இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா கெடந்த கதவும்மா, ஸ்டோர் ரூமோடது. நல்லா அறுத்துப் பழகு" என்றார் போனில்.

ஜெபராஜ் அண்ணன் எங்கள் பாடகர் குழுவின் தலைவர். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது தினமும் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தவர். அவருடைய அக்கா ரூபிக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. தரையில் கையூன்றித்தான் நகர்வார். 2015 வெள்ளத்தில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியபோது, அண்ணன் அக்காவை முதுகில் சுமந்து மாடியேறினார். அங்கே மூச்சுத் திணறி, தம்பியின் மடியிலேயே ரூபி அக்கா இறந்தார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் இதை அண்ணன் சபையில் சாட்சியாகச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் அழுவேன். அன்பு என்றால் இதுதான் என்று என் வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கதவின் ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. மறுபக்கம் முழுக்கப் பட்டி பார்த்து, மேலே நீலப் பெயின்ட் தடிமனாகப் பூசியிருந்தது. அழகான பக்கம் மேலே, அசிங்கமான பக்கம் கீழே. யாராக இருந்தாலும் அப்படித்தான் வைப்பார்கள். நானும் வைத்தேன். சுத்தமான பக்கத்தில் ஒரு பெரிய இரும்புத் தாழ்ப்பாள், போட்டபடியே துருவேறி இறுகிப்போயிருந்தது. அது பின்ஓரத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நீலம் பூசிய உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த தடமே இல்லை.

அளவுக்காக ஓர் ஓரத்தை அறுத்தேன். மரத்தூள் பறக்கவில்லை. ஈரமாக, பிசைந்த மாவு போல ரம்பத்தில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன்.

சேற்று நாற்றம்.

அடுத்து கால்களைப் பொருத்தினேன். சுத்தியலால் மூன்று அடி. டக்... டக்... டக்...

நிறுத்தினேன்.

பலகைக்கு அடியிலிருந்து... டக்... டக்... டக்...

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. தரையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

என் கணவர் தாவீது, எலியாக இருக்கும் என்றார். எலிக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டேன்.

"உங்கிட்ட டியூஷன் படிச்ச எலியா இருக்கும்" என்றார்.

புது வீடோ புது வண்டியோ, ஜெபித்த பிறகே புழங்குவது எங்கள் வழக்கம். மரம் தந்தவரே ஜெபித்தால் நல்லது என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணனை அழைத்து வந்தேன். பழப் பையோடு சிரித்துக்கொண்டே வந்தார். மேசையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ துண்டு துண்டா அறுப்பேன்னு நெனச்சேனே" என்றார்.

"கை வச்சு ஜெபிங்கண்ணா."

அவர் கை வைக்கவில்லை. எட்டி நின்றே கண்ணை மூடினார். பரமபிதாவே என்று தொடங்கினார்.

டக்.

நிறுத்தினார். மறுபடி தொடங்கினார்.

டக்... டக்... டக்டக்டக்... பிறகு மரத்தில் நகம் இழுபடும் சத்தம்... சர்ர்ர்...

அண்ணனின் முகம் வெளுத்தது. மேசையைப் பார்த்து, மிகத் தணிந்த குரலில் சொன்னார்:

"இரு. வந்துடறேன்."

ஆமென்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அன்று மாலையே தாவீதும் நானும் பலகையைப் புரட்டிப் போட்டோம். உளியால் நீலப் பெயின்டைச் சுரண்டினேன். பட்டி உதிர்ந்தது. அடியில் நான்கு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். இன்னும் சுரண்டினேன். இன்னும் நான்கு. கதவின் கீழ்ப்பகுதியில் கொஞ்சம். இடுப்பு உயரத்தில் நிறைய. தலைக்கு மேல் உயரத்தில்... அதைவிட நிறைய.

ரூபி அக்காவால் எழுந்து நிற்க முடியாதே. அவ்வளவு உயரத்துக்குக் கை எப்படி எட்டியது?

தண்ணீர்தான் தூக்கியிருக்க வேண்டும்.

அண்ணனின் வீட்டு மாடியில் வெள்ளத்தின்போது குடியிருந்த சரோஜினி அம்மா இப்போது வண்டலூரில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, மதியம் தேடிப் போனேன். வெள்ளத்தன்று ரூபி அக்காவுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னார்.

"'இரு, வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தாம்மா மேல வந்தாரு. முதுகுல சர்ச் கீபோர்டு இருந்துச்சு. திரும்பி எறங்கவே இல்ல. அந்தம்மா உள்ளேருந்து ஸ்டோர் ரூம் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மறுநாள் போட்டைக் கூப்பிட்டு எங்களை எல்லாம் காப்பாத்தினது அவருதாம்மா. என் புள்ளையத் தோள்ல தூக்கினு போனாரு. எப்பிடிச் சொல்றது?"

பேருந்தில் திரும்பும்போது எனக்கு அந்தக் கஞ்சி நினைவு வந்தது. தினமும் சூடாக இருந்த கஞ்சி. அது பொய்யில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே ஷெட்டுக்குப் போனேன். மறுபடி நிமிர்த்தி வைத்திருந்த மேசையின் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டேன். அசையும் என்று நம்பிக்கை இல்லை. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு திறந்தது.

"வாங்க, ரூபி அக்கா" என்றேன்.

ஷெட் கடிகாரத்தில் மூன்று பத்து. தரையில் இருந்த ஈரம் என் கண்ணெதிரே காய்ந்தது. அதன்பிறகு அந்த மேசையில் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் சபைக்குக் கூன் விழுந்து வந்தார். செவ்வாய்க்கிழமை மதியம், மூன்று மணிக்கு மேல், சாப்பிட்டுப் படுத்தவருக்கு முதுகில் பாரம் ஏறியதாம். எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

பாடகர் குழுவின் மேடைக்கு ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறார். நான் பின்வரிசையில் நிற்பவள். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகுப்பக்கம் மட்டும் எப்போதும் நனைந்திருக்கிறது. தோள் இரண்டிலும் சேற்றுக் கறை, விரல் விரலாக.

டிசம்பரில் அவர் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை.

அக்காவை முதுகில் சுமந்தேன் என்று இனி சொன்னால், அது பொய்யில்லை.