சுத்தமான இடம்

குமுதா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போகிறாள் என்றதும் கடலோரக் கிராமமான காப்பார் கம்பத்தில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "டாக்டருக்கா?" இல்லை, மனுஷ உடம்புக்குச் சுற்றுச்சூழலால் என்ன கெடுதல் வருகிறது என்று படிக்கிற படிப்பு என்பாள். "அய்யோ பாவம், டாக்டர் கிடைக்கலியா" என்று அவர்களே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் சனங்களுக்கு உயிரியல் என்றால் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் அதெல்லாம் படிப்பில் சேர்த்தி இல்லை.

அவள் அப்பா கன்னையா மட்டும் மகள் எதைப் படித்தாலும் தலையில் தூக்கி வைத்து ஆடினார். மூத்தவன் யுகேந்திரனால் பட்ட ஏமாற்றம் அப்படி. அவனுக்கு எழுத்தே ஏறவில்லை. பிரம்பு பிய்யப் பிய்ய அடித்தும் பார்த்தார். பையன் அப்பாவின் கை அசைந்தாலே முகத்தை மறைத்துக்கொள்ளப் பழகினானே தவிர, படிக்கப் பழகவில்லை. கடைசியில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். வீட்டில் 'மக்கு' என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டான்.

குமுதாவுக்கு வேறொரு மனக்குறை. கைக்குழந்தையிலேயே அவளைப் பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். அம்மா வேலைக்குப் போனதால் இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லையாம். பள்ளியில் சேரும் வயதில்தான் காப்பாருக்குத் திரும்பினாள். அண்ணனை வைத்துக்கொண்டு என்னை மட்டும் தள்ளிவிட்டார்களே என்ற ஆத்திரம், அம்மா செத்த பிறகும் அவளுக்கு அடங்கவில்லை.

யுகேந்திரன் கல்யாணமாகி, மனைவி மலர்விழியோடு பக்கத்து ஊரான மேருவில் வாடகை வீட்டில் இருந்தான். இருவரும் வேலைக்குப் போவதால் மகள் யாஷினியைப் பகலில் காப்பாரில் தாத்தாவிடம் விட்டுவிடுவார்கள். இரண்டு வயது முடிந்தும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. முகம் வெளுத்து, எந்நேரமும் சோர்ந்து கிடந்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஈயம் அதிகமாக இருக்கிறது என்றார்கள். வளர்கிற மூளை தாங்காது, எங்கிருந்து வருகிறதென்று பார்த்து உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

குமுதாவுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணன் வீட்டுக்குப் பின்னாலேயே பழைய வயர்களை எரிக்கும் ஒரு தொழிற்சாலை. காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துவிடும். அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். தன் இறுதியாண்டு ஆய்வே இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"பிள்ளைய ராத்திரியும் இங்கேயே விட்டுடுங்க அண்ணி. அப்பா வீட்டுல காத்து சுத்தம்" என்றாள். மலர்விழி அழுதாள். "தாய்கிட்ட இருந்து பிரிக்கிறியே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை குமுதாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படித்தவள் சொல்லும்போது யார் மறுப்பது? பிள்ளை தாத்தா வீட்டோடு வந்துவிட்டது.

குமுதா தொழிற்சாலை வாசலிலிருந்து தொடங்கி வீடு வீடாக மண்ணும் தூசியும் அள்ளினாள். ஒப்பிட்டுப் பார்க்க நஞ்சே படாத ஓர் இடத்து மண்ணும் வேண்டும் என்றார் பேராசிரியர். அதற்குத் தன் வீட்டுக் கொல்லை மண்ணையே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து யாஷினிக்கு மறுபடி இரத்தம் எடுத்தபோது ஈயம் குறையவில்லை, கூடியிருந்தது. அதே வாரத்தில் மண்ணின் முடிவும் வந்தது. தொழிற்சாலைப் பக்கத்து மண்ணில் ஈயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் போல பல மடங்கு ஈயம் அந்தச் சுத்தமான இடத்தில் இருந்தது. "பையை மாத்திக் கொடுத்துட்டியா?" என்று பேராசிரியர் கேட்டார். அவள் மாற்றவில்லை. பஸ்ஸில் பாதி வழி வரும்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காப்பார் மீனவர்களுக்கு வலையில் கட்டும் ஈயக் குண்டு என்றால் கன்னையாவிடம்தான். கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தைக் கொல்லையில் இரும்புச் சட்டியில் காய்ச்சி அச்சில் ஊற்றுவார். கல்யாணமான புதிதிலிருந்தே செய்கிறார். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த அடுப்பு என்பதால் குமுதாவுக்கு அது அப்பாவின் வேலை, அவ்வளவுதான். ஈயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவளுக்கு, கண் முன்னால் கொதித்த ஈயம் தெரியவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோதும் சட்டி அடுப்பில்தான் இருந்தது. பக்கத்தில் கூரைக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டிச் சேலைத் தொட்டில். கன்னையா ஒரு கையால் ஈயத்தைக் கிளறிக்கொண்டே மறு கையால் பேத்தியை ஆட்டிக்கொண்டிருந்தார். குமுதா முதலில் பிள்ளையைத் தூக்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கன்னையா அடுப்பை அணைத்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அப்போ யுகேந்திரன்?" என்றார்.

"அதெல்லாம் இப்போ உறுதியா சொல்ல முடியாதுப்பா."

"அவனையும் இதே கொக்கியிலதான்மா கட்டி ஆட்டினேன். நீதான் இங்க இல்ல."

குமுதா இத்தனை வருஷம் எதற்காக ஆத்திரப்பட்டாளோ அதுதான் அவளைப் படிக்க வைத்திருக்கிறது. தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் மோட்டார் சத்தம். யுகேந்திரன் மகளுக்குப் பால் மாவு வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தான். தங்கையின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"ரிசல்ட்டு வந்துருச்சா பாப்பா? நீயே படிச்சு சொல்லு லா. இந்த மக்குக்கு எங்க புரியப் போவுது" என்று சிரித்தான்.

"அப்படிச் சொல்லாதடா" என்றார் கன்னையா. இதுவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. எழுந்து போய், மகனைத் தொடுவதற்காகக் கையை நீட்டினார்.

யுகேந்திரன் பால் மாவை நழுவவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.