கூட வந்தவர் வெளியே இருக்கட்டும்

"கூட யாரு வந்திருக்கீங்க?" வயதானவர் யார் வந்தாலும் எங்கள் மருத்துவமனையில் முதல் கேள்வி இதுதான். அதன்பின் எல்லாப் பதிலையும் கூட வந்தவரே சொல்வார். எங்கே வலிக்கிறது என்பதைக்கூட.

போன வருடம் எங்களைப் போன்ற நர்ஸுகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. முதியவர்களை வீட்டிலேயே வதைப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. தனியாகக் கேளுங்கள் என்று வகுப்பெடுத்த டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள். பெற்ற மகனை யார் வெளியே அனுப்புவது?

அடுத்த வாரமே நீலசந்திராவிலிருந்து ஒரு பெரியவரை அவர் மகன் அழைத்து வந்தான். பாத்ரூமில் விழுந்துவிட்டார் என்று டாக்டரிடம் கன்னடத்தில் சொன்னான். பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டதுபோலச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

"சார், கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் அவரு பையன் பாஸ்."

"அதனாலதான் சார்."

சீனியர் நர்ஸ் என் காதருகே வந்தார். வீட்டு விவகாரம், கம்ப்ளைன்ட் போனால் உன் வேலைதான் போகும் என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. தெரிந்துதான் திரையை இழுத்துவிட்டேன். டாக்டரும் மகனுக்கு வாசலைக் காட்டினார்.

பெரியவர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலைக்குப் போறப்ப கட்டிலோட கட்டிட்டுப் போவாங்க தம்பி. ஒருநாள் கேஸ் அடுப்பைத் தொறந்து விட்டுட்டேன், அதான். அவங்கிட்ட சொல்லிடாத. நான் அங்கதான போயாகணும்."

"இன்னைக்குப் போக வேணாம் ஐயா."

டாக்டர் அவரை வார்டில் சேர்த்து, சமூகப் பணியாளரை வரவழைத்தார். வராந்தாவில் மகன் என் சட்டையைப் பிடிக்காத குறை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், நீ வந்து பார்த்துக்கொள்வாயா என்று கேட்டான். கஷ்டம் உண்மைதான், அதற்காகக் கயிறா என்று நானும் கேட்டேன்.

மறுநாள் மகன் வந்து, "கெளம்புப்பா" என்றான். பெரியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கைகளைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, "நீ போ. நான் வரல" என்றார். பிறகு ஹெப்பகோடியிலிருந்து அவர் மகள் வந்து அழைத்துப் போனாள்.

கம்ப்ளைன்ட் வந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது நிர்வாகம். மாட்டேன் என்றேன். விசாரணை இன்னும் முடியவில்லை. இன்று காலையும் ஒரு பாட்டியம்மாவோடு வந்த மருமகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திரையை இழுத்தேன்.