கெதுத் சுகெர்த்தியின் பெயர்ப்பலகை

குசாம்பா கடற்கரையில் உப்பு எடுத்துப் பிழைத்த வாயான் ஞார்காவுக்கு நான்காவது பிள்ளை பிறந்தபோது, அதன் பெயரில் பாதியை ஊர் வழக்கம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. பாலித் தீவின் எளிய வீடுகளில் மூத்தது வாயான், அடுத்தது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஆணோ பெண்ணோ, அதுதான். மிச்சப் பாதி மட்டும்தான் அப்பன் கையில். அதிலும் உப்புக்காரர்கள் பெரிதாக ஆசைப்பட மாட்டார்கள். பொருளும் ஓசையும் உள்ள பெயர்களெல்லாம் அரண்மனை வீடுகளுக்குப் போய்விடும். அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. சட்டமே தேவைப்படாத அளவுக்குப் பயம் இருந்தது.

ஞார்கா ஒரு கூடை உப்போடு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். நல்ல அர்த்தமுள்ள பெயராக ஒன்று வேண்டும் என்றார். வாத்தியார் எழுதிக் கொடுத்தது சுகெர்த்தி. நாம் கீர்த்தி என்று சொல்கிறோமே, அதுதான், நற்புகழ். உப்புக்காரன் வீட்டுப் பெண்ணுக்குப் புகழ் எதற்கு என்று பக்கத்துக் குடிசைக்காரர் கேலி செய்தார். "இருந்துட்டுப் போகட்டுமே, கடிக்கவா போகுது?" என்றார் ஞார்கா.

அந்தப் பெயரோடுதான் அவள் படித்தாள், மருத்துவச்சி ஆனாள். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தாள். இரண்டு பிள்ளை போதும் என்று அரசாங்கம் சொல்லச் சொன்னதை வீடு வீடாகச் சொன்னாள். ஒரு கிழவர் மடக்கினார்: "எல்லாரும் ரெண்டோட நிறுத்திட்டா, நாட்டுல கெதுத்தே இருக்காதேம்மா?"

"நான் ஒருத்தி இருக்கேன்ல, அது பத்தாதா?" என்றாள்.

கணக்கு வாத்தியார் பார்த்தாவை அவள் விரும்பிக் கைப்பிடித்தாள். அவன் அரண்மனை வீட்டுப் பிள்ளை. இராச்சியம் போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கூரையில் புல் முளைத்திருந்தது. மரியாதை மட்டும் ஒழுகாமல் இருந்தது. திருமணத்தன்றே அவளுக்கு ஜெரோ செம்பாகா என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஜெரோ என்பது அரண்மனை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எளிய வீட்டுப் பெண்ணுக்குத் தரும் பட்டம், செம்பாகா என்றால் செண்பகம். பூவின் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அன்று முதல் அவள் பெற்றோரைவிட மேலே ஏறிவிட்டதாகக் கணக்கு. பெற்ற தகப்பன் மகளிடம் பணிந்து பேச வேண்டும், பழைய பெயரை வாயில் எடுக்கக் கூடாது. எந்த அறிவு இதை ஏற்கும் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள். அநியாயத்துக்கு வயதாகிவிட்டால் அதற்கு வழக்கம் என்று பெயர்.

இரண்டு வருடம் பொறுத்தாள். 1989இல், தெருப்பக்கத்து அறையைப் பிரசவ அறையாக்கினார்கள். வாசலில் பலகை வைக்க வேண்டும். வெள்ளைத் தகரத்தில் கறுப்பு எழுத்தில் அவளே எழுதி வாங்கி வந்தாள்: மருத்துவச்சி நி கெதுத் சுகெர்த்தி. நி என்பது அங்கே பெண் பெயருக்கு முன்னால் வரும் ஒட்டு.

எல்லோரும் பியாங் என்று அழைக்கும் மாமியார் பலகையைப் பார்த்ததும் முகம் சுருங்கினாள். சான்றிதழில் இருக்கிற பெயர் அதுதான் என்று பார்த்தா சொன்னான்.

"சான்றிதழ் அலமாரியில இருக்கு. இது என் வாசல். அரண்மனை வாசல்ல கெதுத்துன்னு எழுதி வச்சா ஊர் சிரிக்காதா?" என்றாள் பியாங். பிறகு மருமகளிடம் திரும்பினாள். "உங்கப்பாவே உன்ன ஜெரோன்னுதானே கூப்பிடுறாரு? வச்சவரே விட்டுட்ட பேர நீ ஏன் புடிச்சுத் தொங்குற? அவர் ஒரு தடவ அதச் சொல்லட்டும், நான் வாயத் தெறக்கல."

அந்தச் சொல் சுகெர்த்தியைச் சுட்டது. அதில் உண்மை இருந்ததால்தான் சுட்டது. பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது.

மறுநாள் காலை குசாம்பாவுக்குப் போனாள். கடலோரக் கறுப்பு மணலைச் சமப்படுத்தி, காவடியில் கடல்நீர் சுமந்து தெளித்துக்கொண்டிருந்தார் ஞார்கா. மகளைக் கண்டதும் காவடியை இறக்கி, முதுகை வளைத்து நின்றார்.

"வெயில்ல நிக்காதீங்க ஜெரோ. உள்ள வந்து உக்காருங்க."

"யாருப்பா ஜெரோ? நீங்க வச்ச பேர் என்னாச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். வழக்கத்தை மீறினால் அந்த வீட்டில் அவளைத்தான் வதைப்பார்கள் என்றார். தனக்காக அல்ல, அவளுக்காகத்தான் இத்தனை நாள் நாக்கைக் கட்டியிருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றினாள். புடவைபோல் சுற்றியிருந்த துணியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு காவடியைத் தூக்கினாள்.

ஜெரோ இதையெல்லாம் தொடக் கூடாது என்று அவர் பின்னாலேயே வந்தார். அவள் கேட்கவில்லை. அலைக்குள் இறங்கி நீர் மொண்டு வந்தாள். விசிறிபோல் விரித்து மெல்லிசாகத் தெளிக்க வேண்டிய வேலை அது. கை மறந்திருந்தது. இரண்டு வாளியும் ஒரே இடத்தில் கொட்டின. விடியலிலிருந்து அவர் சீவிச் சமப்படுத்திய மணலில் பெரிய பள்ளம் விழுந்தது.

"அடி துத், கண்ணு எங்க இருக்கு? மணலக் குளிப்பாட்டவா கூப்பிட்டேன் உன்ன? தள்ளு அங்கிட்டு!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். கெதுத்தைச் சுருக்கி அவளைச் சின்னதில் கூப்பிட்ட பெயர் அது. அவள் காவடியோடு நின்று சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு அவர் குனியவில்லை. எப்படித் தெளிப்பது என்று திட்டிக்கொண்டே காட்டிக் கொடுத்தார். மதியம் இருவரும் கருவாடும் சோறும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். பலகையின் கதையையும் பியாங் சொன்னதையும் அப்போதுதான் சொன்னாள். 

மூன்றாம் நாள் அரண்மனை வீட்டு வாசலில் ஒரு கூடை உப்போடு ஞார்கா வந்து நின்றார். அதுவரை அந்தப் படியை அவர் மிதித்ததில்லை. உள்முற்றத்தில் பியாங் பூசைக்குத் தென்னையோலையில் பூத்தட்டு கட்டிக்கொண்டிருந்தாள். வாசல்காவலன், ஜெரோ செம்பாகாவைப் பார்க்க வந்தீரா என்று கேட்டான்.

"அது இவங்க வச்சுக்கிட்ட பேரு. நான் வச்சது சுகெர்த்தி. கெதுத் சுகெர்த்தி. பிரசவம் பாக்குற என் மக. இருக்காளா?" குரல் முற்றம் தாண்டி அடுக்களை வரை போயிற்று.

பியாங்கின் கை நின்றது. காவலன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மீண்டும் ஓலையைக் கிழிக்கத் தொடங்கினாள். நிமிராமலே மகனைக் கூப்பிட்டு, ஏணி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னாள்.

பார்த்தா பலகையோடு ஏணியில் ஏறினான். ஞார்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எது கெதுத், எது சுகெர்த்தி என்று மகளிடம் விரலால் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பியாங் வாசல்வரை வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"எடது பக்கம் எறங்கியிருக்கு. நேரா மாட்டு," என்றாள்.