மூப்பர் மகளின் திடப்படுத்தல்

பணிமனையில் என் அக்கா புருஷனுக்குப் பட்டப்பெயர் 'பிரேக்கு'. பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பது அவர் வேலை என்பதால் மட்டுமல்ல. அவர் வந்து நின்றால் அங்கே அரட்டையும் நின்றுவிடும். லைனிங் மாற்றி, டிரம்மை மாட்டி, வண்டியைத் தானே ஓட்டி பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் 'சரி' என்று சொல்லமாட்டார். மேலாளர் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

வீட்டிலும் அதே பிரேக்குதான். சாயங்காலம் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஜெபத்துக்கு உட்காருவார். டிவி வாயை மூடும், அக்கா அடுப்பை அணைப்பாள், நான் போயிருந்தால் நானும் நல்ல பிள்ளையாகிவிடுவேன். "பிள்ளைங்கள என் கையில குடுத்தவரு நாளைக்கு எங்கிட்டதான் கணக்குக் கேப்பாரு" என்பார். வாய்க்கு வந்த பேச்சல்ல அது. மனுஷன் நிஜமாகவே பயந்தார்.

அந்த ஞாயிறு மூத்தவளுக்குத் திடப்படுத்தல். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது அவளுக்காக அப்பா கொடுத்த வாக்கை, இப்போது அவளே சபைமுன் நின்று 'விசுவாசிக்கிறேன்' என்று தன் வாயால் சொல்லவேண்டும். வெள்ளை உடை தைத்தாயிற்று, சொந்தக்காரர்கள் வந்தாயிற்று. மாமா அந்தச் சபையை மேற்பார்க்கும் மூப்பர்களில் ஒருவர் வேறு.

கிளம்புகிற நேரத்தில் அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நானும் மாமாவும் உள்ளே போனோம். உடை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, என்னால அதச் சொல்ல முடியாது."

"எத?"

"விசுவாசிக்கிறேன்னு. ஜெபம் பண்றேன், பாடுறேன். ஆனா உள்ளுக்குள்ள நம்புறேனான்னு எனக்கே தெரியல. அங்க நின்னு சொன்னா பொய்யாயிடும்."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் நான் கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

"ஒரே ஒரு வார்த்த. சொல்லிட்டு வா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

"நீங்க மிதிச்சுப் பாக்காத வண்டிய சரின்னு அனுப்புவீங்களாப்பா?"

சும்மா இருக்காமல் நான் மூக்கை நுழைத்தேன். "எல்லாரும் முழுசா நம்பியா சொல்றாங்க? நான்கூட அன்னைக்கு ஒப்புக்குத்தான் சொன்னேன்."

மாமா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் தெரியுதே" என்றார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மகளை எழுந்துவரச் சொன்னார். கிளம்பிப் போனோம்.

கோவிலில் பிள்ளைகள் முன்னால் வரிசையாக நின்றார்கள். போதகர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். "விசுவாசிக்கிறேன்", "விசுவாசிக்கிறேன்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் பெண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போதகர் இன்னொரு தடவை கேட்டார். அக்கா என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

மூப்பர்கள் பெஞ்சிலிருந்து மாமா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, இவ இன்னைக்குச் சொல்லமாட்டா."

போதகர் குரலைத் தாழ்த்தினார். "மூப்பரே, யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"யோசிச்சுட்டேன் ஐயா. ஞானஸ்நானத்துல இவளுக்காக வாக்குக் குடுத்தது நான். அது இன்னும் எம்மேலதான் இருக்கு. இவளா வந்து வாங்கிக்கிற வரைக்கும் நானே சொமக்கிறேன்."

சொந்தக்காரர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூப்பர் பதவி என்னாகும் என்று யாரோ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல உட்கார்ந்தார். மகளைக் கூப்பிடவில்லை. வேதாகமம் மடியில் திறந்திருந்தது, கண் மட்டும் அவள் அறைக் கதவில் இருந்தது. அப்படிப் பயந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

கதவு திறந்தது. "நான் வரலாமாப்பா?"

"வராம எங்க போவ? உக்காரு."

ஜெபத்தைத் தொடங்க வாயெடுத்தார். முதல் வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் தொடங்கினாள்.