மாவுக்கட்டு காய்ந்த முற்றம்

காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவன் என்று மனைவி என்னைத் திட்டுவாள். அந்த அவசரத்தில்தான் நாலு வயது மகளை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, பின் பலகையின் கொளுக்கியைப் போடாமல் வெளிக்கிட்டேன். வாய்க்கால் ரோட்டில் ஒரு குலுக்கல். பிள்ளை விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில் மயக்கி, நெஞ்சுக்குக் கீழிருந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். முறிந்த கால் விரலடி வரை, மற்றது முழங்கால் வரை. கால்களை அகட்டி நடுவில் ஒரு தடி; இடுப்பு அசையக்கூடாதாம். வயிற்றில் மடித்து வைத்திருந்த துவாயைக் கட்டு இறுகியதும் உருவி எடுத்தார்கள். சோறு தின்றால் வயிற்றுக்கு இடம் வேண்டுமே.

"ஆறு கிழமை, ஒண்டரை மாசம். உள்ளுக்குக் காய ரெண்டு மூண்டு நாள் செல்லும். தண்ணி படக்கூடாது. இளகினா எலும்பு விலகிக் கால் கட்டையாப் போயிடும்" என்றார் டொக்டர்.

இன்னும் ஒரு நாள் நில்லுங்கோ என்று நேர்ஸ் சொன்னா. நான் கேட்கவில்லை, மறுநாளே வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுவித்து ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவித்த நெல் காயக் கிடந்தது. முற்றத்தில் படங்கை விரித்து நெல்லைப் பரப்பினோம். கட்டும் காயட்டும் என்று பக்கத்திலேயே பாயில் மகளைக் கிடத்தி, காகம் துரத்தக் கையில் ஒரு கம்பும் கொடுத்தேன். பிறகு வேலிப் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். ஆறு கிழமையை நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

பின்னேரம் அவள்தான் கத்தினாள். "அப்பா, மழை! நெல்லு நனையுது!"

அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கு மூளை நின்றுவிடும், கால் ஓடும். நான் ஒரு தலைப்பு, மனைவி ஒரு தலைப்பு, வேலி பாய்ந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தலைப்பு. படங்கோடு இழுத்துத் தாழ்வாரத்தில் போட்டோம். அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பினேன்.

கொட்டுகிற மழையில் அவள் மல்லாந்து கிடந்தாள். கட்டிலிருந்து வெள்ளைத் தண்ணி கஞ்சி மாதிரி ஓடியது. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாள் டொக்டர் கட்டை அழுத்தினார். விரல் பதிந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு விலகியிருந்தது. திரும்ப மயக்கம், திரும்பக் கட்டு, திரும்ப ஆறு கிழமை.

"எப்பிடி நனைஞ்சது?" என்று கேட்டார். மகள்தான் பெருமையாகச் சொன்னாள்:

"நான் கண்டிட்டுக் கத்தினனான். நெல்லு ஒண்டும் நனையேல்லை."