பன்னிரண்டு பேருக்கு ஒரே வாக்கு

நாங்கள் பன்னிரண்டு பேர் அணியாக ஆடும் ஆன்லைன் விளையாட்டைப் புதிய என்ஜினுக்கு, அதாவது அதை இயக்கும் புது மென்பொருளுக்கு, மாற்றப் போகிறார்களாம்.

இன்று ஹட்டன் நெட் கடையில் அதன் சோதனைப் பதிப்பைத் திறந்தேன். திரை கறுத்து, கணினியே அணைந்துவிட்டது.

"புது கிராபிக்ஸ் கார்டு போடுங்கண்ணே," என்றேன் கடைக்காரரிடம்.

"பயோடேட்டா அடிக்க இந்த மெசினே போதும் தம்பி. ஒங்க சண்டைக்கு நான் கடைய விக்கவா?"

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் சுதாகருக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்ப நம்ம டீம் அவ்வளவுதானாடா? தோட்டத்து லயத்துப் பயலான்னு யாரும் கேக்காத எடம் எனக்கு அது ஒண்ணுதான்."

விளையாட்டின் தளத்தில் வாக்கெடுப்பு நடக்கிறது. பழைய என்ஜினே வேண்டும் என்று முதலில் நான் போட்டேன். அடுத்த கணினியில் சுதாகர் போட்டான். 'இந்த இணைப்பிலிருந்து ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. மற்றப் பத்துப் பேருக்கும் அதேதான். கடைக்கு இருப்பது ஒரே இணைப்பு.

"பன்னெண்டு பேரும் ஒரே ஆளாம்டா," என்றான் சுதாகர்.

வீட்டுக்கு வீடு கணினி உள்ளவர்கள் புதியதற்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சொந்த இணைப்பு வைத்திருக்கும் நண்பர்களே, இந்த விளையாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தளத்தின் கணக்கில் எங்களில் பதினொரு பேர் இன்னும் ஆளாகவில்லை. யார் யாருக்காகப் போடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.